சின்னவளுக்கு இரண்டு கரண்டி

அப்பா,

இன்றைக்குக் காலையில் உங்கள் அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் அலுமாரியை இழுத்து நகர்த்தினோம். அதற்கும் சுவருக்கும் இடையில் ஒரு போத்தல் நின்றது. கால்வாசி மிச்சம் இருந்தது. மூடியைத் திறக்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. திறந்ததும் அறை முழுக்க அந்த மணம் பரவியது, ஈரமான கயிறும் பழைய இரும்பும் மீனும் ஒன்றாய்க் கிடந்து வெந்தது போல. போத்தலின் கழுத்தடியில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, பட்டறையில் படகு இஞ்சின் சாமான்களுக்கு எழுதுவதைப் போலவே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தீர்கள்: "சின்னவள்." அதன் கீழே சுறா ஈரல் எண்ணெயை உருக்கிய மாதமும் வருடமும்.

அந்த வருடத்தை மூன்று தரம் வாசித்தேன். சின்னவளைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து, இனி எண்ணெய் இல்லை என்று நாங்கள் முடிவெடுத்ததற்கு அடுத்த வருடம் அது.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அம்மா தலைச்சுற்றோ என்று கேட்டா. நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிறது. பட்டறையில் விழுந்தீர்கள் என்று வந்து சொன்ன அன்றைக்குக்கூட நான் இப்படி இருந்துவிடவில்லை.

உங்களுக்குத் தெரியும், நான் மனதில் உள்ளதை யாருக்கும் எழுதுகிறவள் இல்லை. ஆனால் இதை வேறு ஒருவரிடமும் சொல்ல முடியாது.

சின்னவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அது தொடங்கியது. அவளுடைய அக்கா எனக்கு அப்போது பதினெட்டு. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது சொற்களின் நடுவில் எழுத்துகளை விட்டுவிடுகிறாள் என்று வகுப்பு ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். ஏன் என்று கேட்டால், "நடுவில எழுத்து இல்லை மிஸ்" என்கிறாளாம். இடைவேளையில் பந்து எறிந்தால் பிடிக்கிறாள், சைக்கிள் ஓடுகிறாள், ஒழுங்கையில் வருகிற ஆட்டுக்கு விலகுகிறாள். பந்து தெரிகிற கண்ணுக்கு எழுத்துத் தெரியாதோ என்று ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் எங்களுக்கும் பட்டது. பிள்ளை சாட்டுச் சொல்கிறாள் என்று நினைத்தோம்.

பிறகு அவள் முகம் பார்த்துக் கதைப்பதை விட்டாள். நீங்கள் ஏதும் கேட்டால் உங்கள் காதைப் பார்த்து மறுமொழி சொன்னாள். அது உங்களுக்குக் கோபம். கிறீஸ் மணக்கிற கையால் அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தை நேரே திருப்புவீர்கள். "அப்பா கதைச்சால் அப்பாவைப் பாக்க வேணும்." திருப்பின பக்கமே சில நொடி நிற்பாள், பிறகு கண் மெல்லக் காதுப் பக்கம் போகும். காதைப் பார்த்தால்தான் உங்கள் முகம் அவளுக்குத் தெரியும் என்பதும், நீங்கள் நேரே திருப்புகிற ஒவ்வொரு தரமும் உங்கள் முகம் இல்லாமல் போகிறது என்பதும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று வருடம் கழித்து ஒரு வைத்தியர் தாளில் வட்டம் கீறிக் காட்டித்தான் எனக்கே விளங்கியது.

கண்ணாடிக் கடைக்காரர் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை விளையாடுது என்றார். ஆஸ்பத்திரியில் கொழும்புக்குப் போகச் சொல்லிக் கடிதம் தந்தார்கள். அந்தக் கிழமையில்தான் வெருகல் பக்கத்திலிருந்து பெரியப்பா கருவாடு கொண்டுவந்தார். அவர் சின்னவளை வெளிச்சத்தில் நிற்பாட்டிப் பார்த்துவிட்டு, இது மாலைக்கண், உனக்கும் சின்னனில் இருந்ததுதானே என்றார். உங்களுக்கு இருந்தது உண்மை. உங்கள் அம்மா தினமும் ஒரு கரண்டி சுறா ஈரல் எண்ணெய் பருக்கி அதை மாற்றியதும் உண்மை. பின்னாளில் நான் வாசித்துப் பார்த்தேன், சத்துக் குறைவால் வருகிற மாலைக்கண் அந்த எண்ணெயில் மாறத்தான் செய்யும். அதனால் உங்களை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒருவரும் சொல்ல முடியாது. உங்கள் கண்ணே உங்களுக்குச் சாட்சி.

சின்னவள் அன்றைக்கே ஒன்று சொன்னாள். தனக்குப் பொழுதுபடேக்க இல்லை, மத்தியான வெளிச்சத்திலதான் கூடுதலாத் தெரியேல்ல என்றாள். பெரியவர்களின் கதைக்குள் அது போய்விட்டது. எண்ணெய்க்கு ஒரு ஆறு மாதம் குடுத்துப் பாப்பம் என்றீர்கள். ஓம், பாப்பம் என்று நானும்தான் சொன்னேன். கொழும்புக் கடிதம் வேதாகமத்துக்குள் போனது.

படகுக்காரர் இஞ்சின் திருத்த வரும்போது உங்களுக்கு ஈரல் கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வெள்ளைச் சேட்டைக் கழற்றிவிட்டுக் குசினிக்குப் பின்னால் அடுப்பு மூட்டுவீர்கள். ஈரலை வெட்டித் தண்ணீரில் போட்டு, மெல்லிய நெருப்பில் வேகவைத்து, மேலே மிதக்கிற மஞ்சள் எண்ணெயை அகப்பையால் வழித்து, அம்மாவின் பழைய சீலைத் துண்டில் வடிப்பீர்கள். பாலையூற்று ஊர் முழுக்க மணக்கும் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வா. பக்கத்து வீட்டு மேரியக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறதா?

"என்ன அண்ணை, இஞ்சினுக்குக் காய்ச்சிறியளோ, பிள்ளைக்குக் காய்ச்சிறியளோ?"

"ரெண்டும் ஓடத்தானே வேணும் தங்கச்சி."

காலையில் பள்ளிக்கூடம் போகமுன் கரண்டி. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அப்பா முதல் குடியுங்கோ என்பாள். நீங்கள் ஒரு கரண்டியை விழுங்கிவிட்டு ஒன்றுமே இல்லை என்பதுபோல் நிற்கப் பார்ப்பீர்கள், ஆனால் உங்கள் மூக்கு உங்களை மீறிச் சுழியும். அதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்போடு அவளும் விழுங்குவாள். பிறகு ஒரு துண்டு பனங்கட்டி. உங்கள் மூக்குச் சுழிந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் யோசிக்கவில்லை. அவள் அப்போதும் உங்கள் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் ஒரு வருடமாகி, அதுவும் கடந்தது. கண் தேறவில்லை. அப்போது நீங்கள் செய்ததைத்தான் இன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். பட்டறையில் புதிதாக இஞ்சின் வாங்கினவர்களுக்கு நீங்கள் சொல்கிற ஒன்று உண்டு. பெற்றோலுக்குள் எண்ணெய் கலக்கும்போது கை தவறினால் கூடப் போகட்டும், குறையக் கூடாது. "எண்ணெய் கூடினால் புகைதான் வரும். குறைஞ்சால் இஞ்சின் இறுகிப்போம்." அதே நியாயத்தில் சின்னவளுக்கு ஒரு கரண்டியை இரண்டு கரண்டி ஆக்கினீர்கள். வேறொரு வேலை செய்கிற மனிதர் அந்த இடத்தில் சலித்துப்போய் எண்ணெயை விட்டிருப்பார். நீங்கள் இஞ்சின்காரர். விடவில்லை.

அவளுக்குச் சொண்டு வெடித்து வாயோரம் இரத்தம் கசிந்தது. வெயில் என்றோம். தலையிடி என்று படுத்தாள். படிக்கக் கள்ளம் என்றோம். தலைமயிர் கொத்தாய்ச் சீப்பில் வந்தது. அம்மா சவர்க்காரத்தை மாற்றினா.

கொழும்புக்குப் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வைத்தியரின் அறைக்குள் நோயாளியோடு ஒருவர்தான் போகலாம் என்றார்கள். நீ போ, நீதானே இங்கிலீசு வாசிக்கிறனி என்று என்னை முன்னால் தள்ளிவிட்டு, நீங்கள் வெளியில் மர வாங்கில் இருந்தீர்கள். வைத்தியர் சிங்களப் பெண்மணி, எனக்கு விளங்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். சின்னவளின் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார், படம் எடுப்பித்தார். பிறகு அம்மாவும் அப்பாவும் சொந்தமா என்று கேட்டார். அம்மா உங்கள் மாமாவின் மகள் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

ஸ்டார்கார்ட் என்று ஒரு நோய், அப்பா. மிகச் சிலருக்கே வருகிறது. உங்களிடம் ஒரு பழுதான மரபணு, அம்மாவிடம் அதே மாதிரி ஒன்று. தனித்தனியே இருக்கும்வரை அவை ஒன்றும் செய்வதில்லை. இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால் பார்வையின் நடுப்பகுதி சிறுவயதிலேயே செத்துப்போகத் தொடங்கும். ஓரம் தங்கும், நடு போகும். மருந்து இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார். அதே பெற்றோரின் பிள்ளையான நான் பக்கத்துக் கதிரையில் இரண்டு முழுக் கண்ணோடு இருந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் அழுதிருப்பேன். அவர் மருந்துகள் பற்றிக் கேட்டார். விற்றமின் மாத்திரை ஏதும் கொடுக்கிறீர்களா, மீன் எண்ணெய் கொடுக்கிறீர்களா? நான் கொஞ்சம் பெருமையோடுகூடச் சொன்னேன், என் அப்பாவே வீட்டில் உருக்கிக் கொடுக்கிறார் என்று. எவ்வளவு, எத்தனை காலம் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சின்னவளின் சொண்டைப் பார்த்தார்.

இன்றோடு நிறுத்துங்கள் என்றார்.

நாங்கள் எதையும் பார்க்கிறபோது கண்ணின் பின்திரை, ஈரல் எண்ணெயில் நிறைய இருக்கிற விற்றமின் ஏயைப் பாவிக்கிறது. பாவித்த மிச்சத்தை வெளியேற்ற ஒரு வழி இருக்கிறது. சின்னவளுடைய கண்ணில் அந்த வழி பிறப்பிலேயே பழுது. மிச்சம் வெளியேறாமல் படிந்து படிந்துதான் அந்த இடம் சாகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு நல்லது செய்கிற எண்ணெய் இந்தப் பிள்ளையின் படிவை இன்னும் கூட்டலாம். சொண்டு வெடித்ததும் மயிர் கொட்டினதும்கூட எண்ணெய் கூடிப்போனதால்தான். எவ்வளவு கெடுத்திருக்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எண்ணெய் இல்லாவிட்டாலும் பார்வை போயிருக்கும், இவ்வளவு கெதியில் போயிருக்குமா என்பதை ஒருவராலும் அறிய முடியாது. இரக்கத்தோடுதான் சொன்னார்.

சின்னவளோடு கதவைத் திறந்து வந்தேன். நீங்கள் எழும்பி நின்றீர்கள். கையில் சின்னவளுக்குத் தின்னவென்று வாங்கின பணிஸ். என்னவாம் என்று கேட்டீர்கள். பரம்பரையால் வந்தது, மருந்தில்லை, எண்ணெயும் இனித் தேவையில்லையாம் என்றேன். உங்கள் முகம் கீழே இறங்கியது. பிறகு மெல்லிய குரலில் கேட்டீர்கள்:

"நாங்கள் குடுத்த எண்ணெயாலதான் இவ்வளவு காலமாவது தாக்குப் பிடிச்சிருக்கும், என்ன பிள்ளை?"

"ஓம் அப்பா," என்றேன்.

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் ஏன் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியும். படிக்காத மனிதருக்கு விளங்காது என்று மறைக்கவில்லை. உங்களுக்கு நன்றாக விளங்கிவிடும் என்று பயந்தேன். புகைபோக்கியில் கரி கட்டின இஞ்சினை எத்தனை தரம் கழற்றிச் சுரண்டியிருப்பீர்கள்! ஒரு வசனம் போதும்: 'கண்ணுக்குள் கரி படிகிறது, எண்ணெய் கூடிப்போனது.' அதற்குப் பிறகு நீங்கள் எப்படி ஒரு கரண்டியைக் கையில் எடுத்துச் சோறு தின்பீர்கள் என்றுதான் அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் எனக்குத் தோன்றியது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நீங்கள் பக்கத்து இருக்கைக்காரரிடம் கதைக்கத் தொடங்கினீர்கள். கந்தளாய் தாண்டித் தம்பலகாமத்து வயல்கள் வரும்போது கதை எண்ணெயில் வந்து நின்றது. டொக்டரே சொன்னவவாம், இந்த எண்ணெய் இல்லாட்டிப் பிள்ளைக்கு எப்பவோ இருண்டிருக்கும் என்று. நான் அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மனிதர் எப்படி உருக்குவது என்று விசாரித்தார். நீங்கள் விளக்கினீர்கள். மகிழ்ச்சியாக இருந்தீர்கள் அப்பா. சின்னவள் யன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கப்பல்துறை வரும்வரைக்கும் நான் அதைத் திருத்தவில்லை.

அடுத்த மாதங்களில் அவளுடைய பார்வை இன்னும் இறங்கியது. பெரிய எழுத்துப் புத்தகமும் கைவிட்டது. வைத்தியர் சொல்லிவைத்தபடிதான் அது நடந்தது. நான் அந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன், வாசித்ததை எனக்குள் வைத்துக்கொண்டேன். நீங்கள் கதைப்பதைக் குறைத்துக்கொண்டீர்கள். துக்கம் என்று நினைத்தேன்.

இன்றைக்குக் காலையில் அம்மா அந்தப் போத்தலை என் கையிலிருந்து வாங்கினா. அவவுக்குத் தெரிந்திருக்கிறது. "நீ ஏசுவாய் எண்டு ஒளிச்சு வைச்சவர்," என்றா. பிறகு நீங்கள் அந்த நாளில் அவவிடம் சொன்னதையும் சொன்னா. "பெரியவளே சொன்னவள், எண்ணெயாலதான் நிண்டது எண்டு. அவள் வாசிக்கிறவள், பிழையாச் சொல்லமாட்டாள். டொக்டருக்குப் பயந்து நிப்பாட்டினதாலதான் இப்ப கெதியா இறங்குது." அம்மா இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை, உங்கள் நினைவாகச் சொன்னா. எண்ணெயை மண்ணில் ஊற்றிவிட்டுப் போத்தலைக் கழுவப் போனா. நான் தூரிகையோடு சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

உங்களைக் காப்பாற்றச் சொன்ன ஒரு சொல்லை, அப்பா, நீங்கள் மருந்துச்சீட்டாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

பின்னேரம் சின்னவள் வகுப்பால் வந்தாள். இப்போது பதினேழு வயது. ஓரப் பார்வையால் ஒழுங்கையை நடந்து கடக்கிறாள், பாடங்களைப் போனில் கேட்டுப் படிக்கிறாள். குசினிப் படியில் இருந்து சப்பாத்தைக் கழற்றும்போது கேட்டேன், கொழும்பால் வந்த பிறகும் அப்பா எண்ணெய் தந்தவரா என்று.

அவளுடைய கை நின்றது. "அம்மா சொன்னவவோ?"

"போத்தல் கிடந்தது. அலுமாரிக்குப் பின்னால."

"அங்கயோ வைச்சிருந்தவர்? நான் பட்டறையில எண்டெல்லோ நினைச்சனான்." சிரித்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற வானுக்கு நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போகிற வழியில், ஒழுங்கை திரும்பினவுடன் காற்சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தலும் கடதாசியில் சுற்றின கரண்டியும் வரும் என்றாள். அக்காவுக்குச் சொல்லிப்போடாதை என்பீர்களாம். ஒரு வருடமளவில் நடந்திருக்கிறது. ஒருநாள் வானடியில் விழுங்கினதெல்லாம் வெளியில் வர அவள் சத்தியெடுத்தாளாம். நீங்கள் பயந்துபோய் அதோடு விட்டுவிட்டீர்களாம்.

"துப்பியிருப்பாய்தானே?" என்று கேட்டேன். அவள் ஓம் என்று சொல்லவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"ஏலுமான நாளில துப்பினனான். வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு போய் வேலியடியில. ஆனா அவர் கதை குடுப்பார் அக்கா. இண்டைக்கு என்ன பாடம் எண்டு கேட்டால் விழுங்கிப்போட்டுத்தானே மறுமொழி சொல்லலாம்."

"கூடாது எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். டொக்டர் கீறின படந்தான் தெரியேல்ல. காது கேட்டதுதானே. ஸ்டொப் எண்டால் எனக்கு விளங்காதோ?"

பிறகேன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கக்கூடிய உரிமை எனக்கில்லை என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவள் என் காதைப் பார்த்தாள்.

"நீங்கள் வெளியில வந்து அப்பாவுக்கு ஓம் எண்டு சொன்னீங்கள். முதல் நான் நினைச்சன், அக்கா வாசிக்கிறவ, அவ சொன்னால் அதில ஏதோ இருக்கும் எண்டு. பிறகு விளங்கினது, அப்பா பாவம் எண்டுதான் அப்பிடிச் சொன்னீங்கள். அப்ப நான் மட்டும் எப்பிடி அவரிட்டை இல்லையெண்டிறது?"

பன்னிரண்டு வயது அப்பா, அவளுக்கு. நான் ஒரு சொல்லால் உங்களுக்குச் செய்ததை அவள் வாயை மூடிக்கொண்டு, தன் கண்ணைக் கொடுத்துச் செய்திருக்கிறாள். நீங்கள் நாடியைத் திருப்பின பிள்ளை.

அடுத்த கிழமை அவளுக்குக் கொழும்பில் கண் காட்டத் தவணை. வைத்தியர் புதியவர், பழைய விபரங்களை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மிஞ்சியிருக்கிற ஓரத்தை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று பார்க்கப் போகிறார்கள், அதற்கு எல்லாம் உள்ளபடி தெரியவேண்டும். பழைய தாளில் எண்ணெய் இரண்டரை வருடம் என்று இருந்தது. அதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுத இருந்தேன். 'தகப்பனார் கொடுத்தார்' என்று எழுதத் தொடங்கும்போது சின்னவள் பக்கத்தில் நின்று, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன்.

"அப்பா தந்தவர் எண்டு எழுதாதேங்கோ. நான் குடிச்சனான் எண்டு எழுதுங்கோ. எவ்வளவு காலம் எண்டதை மட்டும் சரியா எழுதுங்கோ. அவைக்கு அதுதான் வேணும்."

அப்படியே எழுதினேன். மூன்றரை வருடம். கடைசி வருடம் அரைகுறையாக.

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் உடைந்துபோயிருப்பீர்கள். அதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. ஆனால் அன்று பின்னேரமே வீட்டிலிருந்த எண்ணெய் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டியிருப்பீர்கள். இதை நான் ஐந்து வருடம் கணக்கிலெடுக்கவில்லை. உங்கள் துக்கத்தைத் தாங்க உங்களுக்குப் பலமில்லை என்று நானே தீர்மானித்தேன். பலமில்லாமல் இருந்தது எனக்குத்தான். அதைச் சுமந்துகொண்டுதான் போகப்போகிறேன், அந்தத் தாளையும் அவளையும் கூட்டிக்கொண்டு.

புதிய வைத்தியர் கேட்பார், நிறுத்தச் சொன்ன பிறகும் தகப்பன் ஏன் நிறுத்தவில்லை என்று. இந்தத் தரம் சின்னவளுக்கு முன்னால், அவளுக்குக் கேட்கும்படி சொல்லுவேன்: அது கெடுக்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.